உங்களுக்குத் தெரியுமா? 'ஆமாம்', 'இல்லை'... இந்த ரெண்டே வார்த்தையில் உலகம் ஓடுது!

உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்களே, 'டி மார்கன் விதி'! அந்த டி மார்கன் எந்த ஊரில் பிறந்தார் தெரியுமா? லண்டனா? பாரிஸா? ஊஹூம். மதுரை! 1806 ஜூன் 27-ல், நம்ம மதுரையில் பிறந்தவர்தான் அகஸ்டஸ் டி மார்கன்!

அப்பா கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ அதிகாரி. குழந்தைக்கு ஏழு மாதம் ஆனபோதே குடும்பம் கப்பல் ஏறிவிட்டது. பிறந்த கொஞ்ச நாளிலேயே ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணோடு படித்துப் படித்தே லண்டன் கணிதச் சங்கத்தின் முதல் தலைவராகிவிட்டார்!

அவர் விதி என்னதான் சொல்கிறது? "டீயோ காபியோ எதுவும் வேண்டாம்" என்றாலும், "டீயும் வேண்டாம், காபியும் வேண்டாம்" என்றாலும் ஒன்றுதான். அவ்வளவே! டீக்கடைக்காரருக்கு இது பிறக்கும்போதே தெரியும். இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் விதி தேவைப்பட்டது!

"உங்கள் வயசு என்ன?" என்று கேட்டால் டி மார்கன் ஒரு புதிர் போடுவார். என் வயதை அதே எண்ணால் பெருக்கினால் அந்த வருஷம் வரும் என்பார். 43-ஐ 43-ஆல் பெருக்குங்கள். 1849! அந்த வருஷம் அவருக்கு வயது 43!

இந்தப் புதிரைப் போட எல்லோராலும் முடியாது. 1980-ல் பிறந்தவர்களுக்கு அந்த யோகம் அடித்தது. 45 பெருக்கல் 45, 2025! நீங்கள் அந்த வருஷம் பிறக்கவில்லையா? அடுத்த வாய்ப்பு 2070-ல் பிறக்கப் போகிற குழந்தைகளுக்குத்தான்!

'குறியீட்டுத் தர்க்கவியல்' என்று பாடப்புத்தகம் பயமுறுத்துகிறதே, அது என்ன? "மழை பெய்கிறது" என்பதற்கு ஓர் எழுத்து. "குடை இருக்கிறது" என்பதற்கு இன்னோர் எழுத்து. 'மற்றும்', 'அல்லது', 'இல்லை', 'என்றால்' ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. பேச்சு, கணக்காக மாறிவிட்டது. முடிந்தது விஷயம்!

வாதம் செய்து மண்டையை உடைத்துக்கொள்ளாமல் "வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்" என்று சொல்லும் காலம் வரும் எனக் கனவு கண்டவர் ஜெர்மனியின் லைப்னிட்ஸ். அதற்கு அடித்தளம் போட்ட புத்தகத்தை அவர் எழுதியபோது வயது 20. வருஷம் 1666!

0, 1 இந்த இரண்டை மட்டும் வைத்து எல்லா எண்களையும் எழுதலாம் என்று அதே லைப்னிட்ஸ் 1703-ல் கட்டுரை போட்டார். அப்போது கம்ப்யூட்டரும் கிடையாது, கரண்ட்டும் கிடையாது!

அரிஸ்டாட்டில் பாணி முக்கூற்று வாதங்கள் மொத்தம் எத்தனை வகை? 256. அதில் இன்றைய தர்க்கவியல் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்பவை எத்தனை? வெறும் 15! மிச்சம் 241-ஐத்தான் நாம் தினமும் டிவி விவாதங்களில் கேட்கிறோம்!

பூல் குடும்பம்... அடேங்கப்பா குடும்பம்!

செருப்புத் தைக்கிறவரின் மகன். கல்லூரிப் பக்கமே போகாதவர். 19 வயதில் சொந்தமாகப் பள்ளிக்கூடம் நடத்தியவர். இங்கிலாந்தின் லிங்கன் ஊர்க்காரரான இந்த ஜார்ஜ் பூல்தான் சிந்தனையை அல்ஜீப்ரா ஆக்கினார். டிகிரியே இல்லாத அவரை 1849-ல் அயர்லாந்தின் கார்க் நகரக் கல்லூரி கூப்பிட்டுப் பேராசிரியர் ஆக்கியது!

14 வயதில் பூல் ஒரு கிரேக்கக் கவிதையை மொழிபெயர்த்தார். உள்ளூர்ப் பத்திரிகையில் அச்சானது. "இது சின்னப் பையன் எழுதியதே இல்லை!" என்று ஒரு பள்ளி ஆசிரியர் சண்டைக்கே வந்துவிட்டார்!

பூலின் கணக்கில் ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் அதே எண்தான் வர வேண்டும். எந்தெந்த எண்களுக்கு இது நடக்கும்? யோசியுங்கள். 0-க்கும் 1-க்கும் மட்டும்! பொய்க்கு 0, மெய்க்கு 1. இன்றைய கம்ப்யூட்டரின் அரிச்சுவடி 1847-லேயே தயார்!

அதே பூல் வழிக் கணக்கில் இன்று 1 + 1 எவ்வளவு? 1! ஆமாம், இரண்டு இல்லை, ஒன்று. மெய் 'அல்லது' மெய் என்றால் மெய்தானே!

1847-ல் பூல் ஒரு லாஜிக் புத்தகம் போட்டார். அதே 1847-ல் நம்ம மதுரைக்காரரும் ஒரு லாஜிக் புத்தகம் போட்டார். சண்டை வந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? ரெண்டு பேரும் கடைசிவரை நண்பர்கள்!

எவரெஸ்ட் சிகரத்துக்குப் பெயர் கொடுத்த ஜார்ஜ் எவரெஸ்ட்டைத் தெரியுமல்லவா? அவர் அண்ணன் தம்பி வழியில் வந்த மேரி எவரெஸ்ட்தான் பூலின் மனைவி! உலகத்தின் உச்சியும் கம்ப்யூட்டரின் அடியும் ஒரே குடும்பம்!

1864 நவம்பர். கொட்டுகிற மழை. வகுப்புக்குப் போயே தீருவேன் என்று பூல் சுமார் 3 மைல் நடந்தார். ஈரத் துணியோடு பாடம் நடத்தினார். காய்ச்சல் வந்தது. எதனால் நோய் வந்ததோ அதுவேதான் மருந்து என்று நம்பிய மனைவி, ஈரப் போர்வையால் சுற்றிப் படுக்க வைத்தார் என்கிறார்கள். டிசம்பர் 8-ல் பூல் காலமானார். வயது 49. 'சிந்தனையின் விதிகள்' எழுதியவர் வீட்டிலேயே இந்தக் கதி!

ஐந்து மகள்கள். ஒவ்வொருத்தரும் ஒரு வெடி! அலிசியா பல்கலைக்கழகம் போனதில்லை. நான்கு பரிமாண உருவங்களை மனக்கண்ணாலேயே பார்த்துக் கணக்கிட்டார். 1914-ல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது!

இன்னொரு மகள் எதெல் ஒரு நாவல் எழுதினார். பெயர் 'தி கேட்ஃபிளை'. சோவியத் யூனியனில் லட்சம் லட்சமாக விற்றது! சினிமாவாகவும் வந்தது. இசை யார் தெரியுமா? ஷோஸ்டகோவிச்!

அந்த எதெலின் கணவர் வாய்னிச். இன்றுவரை உலகத்தில் யாராலும் படிக்க முடியாத 'வாய்னிச் கையெழுத்துப் பிரதி' இருக்கிறதே, அதை 1912-ல் வாங்கியவர் இவர்தான். மாமனார் உலகத்தையே குறியீட்டில் எழுதினார். மருமகனுக்குக் கிடைத்த குறியீடு இன்னும் புரியவில்லை!

மகள் மார்கரெட்டின் பையன் ஜி.ஐ. டெய்லர். 1945-ல் நடந்த முதல் அணுகுண்டுச் சோதனையின் சக்தி எவ்வளவு என்று, வெளியான போட்டோக்களை வைத்தே கணக்குப் போட்டுச் சொன்ன ஆசாமி!

மூத்த மகளை மணந்த சார்ல்ஸ் ஹின்டன் கணித ஆசிரியர். வெடிமருந்தால் பேஸ்பால் பந்தை எறியும் இயந்திரத்தை 1897-ல் செய்தார். பேட்ஸ்மேன்கள் மிரண்டார்கள்!

நில்லுங்கள், உச்சக்கட்டம் இனிமேல்தான்! 2024-ல் இயற்பியல் நோபல் பரிசு வாங்கினாரே செயற்கை நுண்ணறிவின் பிதாமகர் ஜெஃப்ரி ஹின்டன்? ஜார்ஜ் பூலின் எள்ளுப்பேரன்! முழுப் பெயர் என்ன தெரியுமா? ஜெஃப்ரி எவரெஸ்ட் ஹின்டன்!

நிலாவில் பூல் பெயரில் ஒரு பள்ளம் இருக்கிறது. பூலின் 200-வது பிறந்தநாளுக்கு, 2015 நவம்பர் 2-ல், கூகுள் தன் பெயரையே லாஜிக் கேட்டுகளாக, அதாவது 0-1 கணக்குப் போடும் மின்சுற்றுகளாக, மாற்றிக்காட்டியது!

வட்டம், முதலை, கிரிக்கெட்!

வகுப்பில் ஒன்றோடொன்று வெட்டிக்கொள்ளும் வட்டங்கள் வரைந்தோமே, அந்த வென் படத்தைக் கொடுத்த ஜான் வென் 1881-ல் எழுதிய புத்தகத்தின் பெயரே 'குறியீட்டுத் தர்க்கவியல்'. ஆனால் அவர் செய்த இன்னொரு பொருள் பந்து வீசும் இயந்திரம்! 1909-ல் கேம்பிரிட்ஜ் வந்த ஆஸ்திரேலிய அணியின் முன்னணி பேட்ஸ்மேன் ஒருவரை அது நான்கு முறை கிளீன் போல்டு ஆக்கியது! பூலின் மருமகனும் பந்து இயந்திரம், வென்னும் பந்து இயந்திரம். லாஜிக்காரர்களுக்கும் பந்துக்கும் அப்படி என்னதான் உறவோ!

மூன்று கூட்டங்களுக்கு மூன்று வட்டம் போதும். நான்கு கூட்டங்களுக்கு நான்கு வட்டம் வரைந்து வென் படம் போடுங்கள் பார்ப்போம். முடியாது! தலைகீழாக நின்றாலும் முடியாது. வட்டத்தைச் சப்பி நீள்வட்டமாக்கினால்தான் வழிக்கு வரும்!

'ஆலிஸின் அற்புத உலகம்' எழுதிய லூயிஸ் கரோல் குழந்தைகளுக்காக ஒரு லாஜிக் விளையாட்டு கண்டுபிடித்தார். ஒரு கட்டம் போட்ட அட்டை, 9 காய்கள். 4 சிவப்பு, 5 சாம்பல். தாயம் மாதிரி ஆடிக்கொண்டே தர்க்கம் படிக்கலாம்!

1896-ல் அவர் எழுதிய லாஜிக் பாடப்புத்தகத்தில் வரும் ஒரு கணக்கின் விடை என்ன தெரியுமா? கைக்குழந்தைகளால் முதலையைச் சமாளிக்க முடியாது! இதைக் கண்டுபிடிக்க மூன்று வாக்கியம் செலவழித்தார் மனிதர்!

அந்தப் புத்தகத்தின் இரண்டாம் பாகத்தை முடிக்காமலே 1898-ல் கரோல் இறந்துவிட்டார். காணாமல் போன பக்கங்கள் தேடிப் பிடிக்கப்பட்டு அச்சானது 1977-ல். 79 வருஷம் லேட்!

பெண்களைச் சேர்க்காத ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்கு 'சி. லாட்' என்று இனிஷியலோடு விண்ணப்பம் போனது. ஆண் என்று நினைத்துவிட்டார்கள். வந்தவர் கிறிஸ்டின் லாட் என்ற பெண்! 1882-லேயே லாஜிக்கில் ஆராய்ச்சியை முடித்துவிட்டார். பட்டம் கொடுத்தது எப்போது? 1926! 44 வருஷம் காத்திருந்து, 78 வயதில் டாக்டர் ஆனார். அநியாயத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா!

1 + 1 = 2... நிஜமாகவா?

இதை நிரூபிக்க எத்தனை பக்கம் வேண்டும்? ரஸ்ஸலும் ஒயிட்ஹெட்டும் எழுதிய 'பிரின்சிப்பியா மேத்தமேட்டிகா' முதல் பாகத்தில் 379-ஆம் பக்கத்தில்தான் "இதிலிருந்து 1 + 1 = 2 வரும்" என்ற பேச்சே எழுகிறது! முழு நிரூபணம் இரண்டாம் பாகத்தில். அங்கே பக்கத்திலேயே ஒரு குறிப்பு: இது எப்போதாவது உபயோகப்படுமாம்! குசும்பைப் பாருங்கள்!

மூன்று தடிப் பாகம். 1910, 1912, 1913. அச்சடித்தால் 600 பவுண்டு நஷ்டம் என்று பதிப்பகம் கணக்குப் போட்டது. 300-ஐப் பதிப்பகம் ஏற்றது, 200-ஐ ராயல் சொசைட்டி கொடுத்தது. மிச்சம்? எழுதியவர்களே ஆளுக்கு 50 பவுண்டு போட்டார்கள். பத்து வருஷ உழைப்புக்குச் சம்பளம் மைனஸ் 50!

லாஜிக் எழுதிய ரஸ்ஸலுக்கு நோபல் பரிசு எதற்குக் கிடைத்தது? இலக்கியத்துக்கு! 1950-ல். போரை எதிர்த்ததற்காக 1918-ல் சிறைக்குப் போனவர், உள்ளே உட்கார்ந்துகொண்டே ஒரு கணிதத் தத்துவப் புத்தகத்தை எழுதி முடித்தார்!

ஒரு பொய்யை ஒப்புக்கொண்டால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம் என்பது லாஜிக். "2 + 2 = 5 என்றால் நீங்கள்தான் போப் என்று நிரூபியுங்கள்" என்று ஒருவர் மடக்கியதாக ஒரு கதை உண்டு. ரஸ்ஸல் என்ன சொன்னாராம்? 4-ம் 5-ம் சமம். ரெண்டு பக்கமும் 3-ஐக் கழி. 1-ம் 2-ம் சமம். நானும் போப்பும் ரெண்டு பேர். ஆகவே ஒருவர்!

நவீன தர்க்கவியல் மொத்தமும் தொடங்கிய புத்தகம் எவ்வளவு பெரிது? நூறு பக்கம்கூட இல்லை! 1879-ல் ஜெர்மனியின் ஃபிரேகே எழுதியது. குறிகளை இடமிருந்து வலமாக மட்டும் எழுதவில்லை, மேலிருந்து கீழாகவும் கிளை கிளையாக வரைந்தார். படித்தவர்களுக்குத் தலை சுற்றியது. அந்த எழுத்துமுறையை உலகத்தில் அவரைத் தவிர யாரும் எடுத்துக்கொள்ளவே இல்லை!

1902 ஜூன் 16. ஃபிரேகேயின் வாழ்நாள் படைப்பின் இரண்டாம் பாகம் அச்சில் இருக்கிறது. 30 வயது ரஸ்ஸல் அவருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். ஒரே ஒரு முரண்பாடு. கட்டிய கோபுரம் சரிந்தது! ஃபிரேகே என்ன செய்தார்? ஆறே நாளில் மரியாதையாகப் பதில் எழுதினார். புத்தகத்தின் பின்னால் தன் தவறைத் தானே அச்சடித்தும் கொடுத்தார். மனுஷன்!

அந்த முரண்பாட்டின் எளிய வடிவம் இதோ. ஒரு ஊர். அங்கே ஒரு சவரத் தொழிலாளி. தனக்குத்தானே சவரம் செய்யாத எல்லோருக்கும், அவர்களுக்கு மட்டுமே, அவர் சவரம் செய்வார். அப்படியானால் அவருக்கு யார் சவரம் செய்வது? அவரே செய்தால் செய்யக் கூடாது. செய்யாவிட்டால் செய்ய வேண்டும்! இப்படி ஒரு ஆள் இருக்கவே முடியாது!

1930 செப்டம்பர் 8. கோனிக்ஸ்பெர்க் நகரில் கணித மேதை ஹில்பர்ட் முழங்கினார்: எதையும் அறிந்தே தீருவோம்! கல்லறையிலும் அதைத்தான் பொறித்தார்கள். ஆனால் முந்தின நாள், அதே ஊரில், 24 வயதுப் பையன் ஒருவன் மெதுவாகச் சொல்லிவிட்டிருந்தான்: கணிதத்தில் நிரூபிக்கவே முடியாத உண்மைகள் உண்டு! அவன்தான் குர்ட் கோடெல்!

1947-ல் கோடெலுக்கு அமெரிக்கக் குடியுரிமைப் பரீட்சை வந்தது. பரீட்சைக்கு அரசியல் சாசனத்தை வரி வரியாகப் படித்தார். "இதில் லாஜிக் ஓட்டை இருக்கிறது, சர்வாதிகாரம் வந்துவிடலாம்!" என்று பதறினார். நீதிபதி முன்னால் இதைச் சொல்லிவிடாமல் தடுக்கக் கூடவே போன சாட்சி யார்? ஐன்ஸ்டைன்!

ஐன்ஸ்டைனின் 70-வது பிறந்தநாளுக்கு கோடெல் என்ன பரிசு கொடுத்தார்? ஒரு பிரபஞ்சம்! இறந்த காலத்துக்குத் திரும்பிப் போக வழியுள்ள பிரபஞ்சத்தை ஐன்ஸ்டைனின் சமன்பாட்டிலிருந்தே எடுத்துக் காட்டினார்!

யாரோ விஷம் வைத்துவிடுவார்கள் என்று பயந்து மனைவி சமைத்ததை மட்டுமே சாப்பிட்டார் கோடெல். மனைவி ஆஸ்பத்திரியில் படுத்தார். இவர் சாப்பிடுவதை நிறுத்தினார். 1978-ல் இறந்தபோது எடை சுமார் 30 கிலோ. உலகத்தின் மிகப் பெரிய தர்க்கவியலாளர்!

உங்கள் போன் அடிக்கடி ஹேங் ஆகிறதா? எந்த புரோகிராம் நிற்கும், எது நிற்காமல் சுற்றும் என்று எல்லா புரோகிராமையும் பார்த்துச் சொல்லிவிடும் ஒரு புரோகிராமை யாராலும் எழுதவே முடியாது. நிரூபித்தவர் ஆலன் டூரிங். 1936-ல், வயது 24. அப்போது புரோகிராம் ஓட்டக் கம்ப்யூட்டரே கிடையாது!

மாடிப்படி விளக்கு போடுங்கள்!

கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். எதைத் தட்டினாலும் விளக்கு மாறும். உங்கள் வீட்டு மாடிப்படியிலேயே லாஜிக் இருக்கிறது! 'இது அல்லது அது, ஆனால் ரெண்டும் இல்லை' என்ற கேட் அதுதான்!

சுவிட்சுக்கும் பூலின் அல்ஜீப்ராவுக்கும் முடிச்சுப் போட்டவர் கிளாட் ஷானன். 1937-ல் எம்.ஐ.டி.யில் முதுகலை மாணவர். வயது 21! கல்லூரியில் தத்துவ வகுப்பில் பூல் பெயரைக் கேட்டிருந்தார். அந்த ஒரு வகுப்பு மட்டும் இல்லாமல் போயிருந்தால்?

அதே 1930-களில் ஜப்பானில் நகாஷிமா, ரஷ்யாவில் ஷெஸ்டகோவ் இருவருக்கும் தனித்தனியாக இதே யோசனை வந்தது! அவர்களுக்கெல்லாம் 50 வருஷம் முன்பே, 1886-ல், மின் சுவிட்சால் லாஜிக் செய்யலாம் என்று அமெரிக்காவின் சார்ல்ஸ் பர்ஸ் ஒரு கடிதத்தில் எழுதிவிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை!

பெல் லேப்ஸ் வராந்தாவில் ஒற்றைச் சக்கர சைக்கிளில் பந்துகளைத் தூக்கிப் போட்டுப் பிடித்தபடி போவார் ஷானன். ரோமன் எண்ணில் கணக்குப் போடும் கால்குலேட்டரும் செய்தார். எதற்கு? சும்மா!

ரெண்டு கூற்றுகளை இணைக்க எத்தனை வழி? 16. மூன்றுக்கு 256. நான்குக்கு 65,536. ஐந்துக்கு 429 கோடிக்கு மேல்! ஆறுக்கு? 18,446,744,073,709,551,616! மூச்சு வாங்குகிறதா?

இத்தனைக்கும் ஒரே ஒரு கேட் போதும்! ஒற்றைக் குறியை வைத்தே எல்லா லாஜிக்கையும் கட்டலாம் என்று 1913-ல் ஷெஃபர் காட்டினார். 'ரெண்டும் சேர்ந்து உண்மை இல்லை' என்பது அப்படியொரு குறி. பென் டிரைவில் 'நேண்ட்' என்று சொல்கிறார்களே, அதே பெயர்தான்!

நிலாவுக்குப் போன அப்போலோவின் கம்ப்யூட்டரில் எத்தனை வகை லாஜிக் கேட்? ஒரே வகை! 'நார்' மட்டும். சுமார் 5,600 நார் கேட்டுகள் ஆம்ஸ்ட்ராங்கை நிலாவில் இறக்கின!

ஒரு நேண்ட் கேட்டுக்குத் தேவை 4 டிரான்சிஸ்டர். இன்றைய விலை உயர்ந்த போன் சிப்புக்குள்ளே 1,500 கோடிக்கு மேல்!

அடைப்புக்குறி பிடிக்காதவர் போலந்தின் லுகாசியேவிச். குறியை முன்னால் போட்டு எழுதினால் அடைப்புக்குறியே வேண்டாம் என்று 1924-ல் கண்டுபிடித்தார். அதையே திருப்பிப் போட்டு 1972-ல் எச்.பி. நிறுவனம் பாக்கெட் கால்குலேட்டர் விற்றது. அதில் 'சமம்' பட்டனே கிடையாது!

இப்போது உங்களுக்கு ஒரு டெஸ்ட்!

மேசையில் நான்கு அட்டைகள். ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். உங்களுக்குத் தெரிவது: அ, க், 4, 7. விதி இது: "ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்க வேண்டும்." விதி சரியா என்று பார்க்க எந்தெந்த அட்டைகளைத் திருப்புவீர்கள்?

"அ, 4" என்றுதானே சொன்னீர்கள்? தப்பு! விடை அ-வும் 7-ம். 4-க்குப் பின்னால் என்ன இருந்தாலும் விதிக்கு ஒன்றும் ஆகாது. 7-க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி காலி!

கவலை வேண்டாம். லண்டனில் பீட்டர் வேசன் 1966-ல் வெளியிட்ட சோதனையின் வடிவம் இது. படித்தவர்களிலேயே 10-ல் ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை!

அதே புதிரை மாற்றிக் கேளுங்கள். "பீர் குடித்தால் வயது 19-க்கு மேல் இருக்க வேண்டும்." நான்கு பேர். ஒருவர் பீர், ஒருவர் கோக், ஒருவருக்கு 22 வயது, ஒருவருக்கு 16. யாரை விசாரிப்பீர்கள்? பீர்க்காரரையும் 16 வயதுக்காரரையும்! 1982-ல் அமெரிக்காவில் முக்கால்வாசி மாணவர்கள் சட்டென்று சொல்லிவிட்டார்கள். லாஜிக் ஒன்றே. எழுத்தும் எண்ணும் என்றால் முழிக்கிறோம். திருடனைப் பிடிக்கச் சொன்னால் மேதை ஆகிவிடுகிறோம்!

12 வயதுப் பையன் ஒருவன் டெட்ராய்ட் நூலகத்தில் புகுந்தான். மூன்று நாள் வெளியே வராமல் பிரின்சிப்பியாவைப் படித்தான். தவறு இருக்கிறது என்று ரஸ்ஸலுக்கே கடிதம் போட்டான். "கேம்பிரிட்ஜ் வா" என்று பதில் வந்தது! அந்த வால்டர் பிட்ஸ்தான் மூளைச் செல்களும் லாஜிக் கேட் மாதிரிதான் என்று 20 வயதில் மெக்கல்லக்கோடு சேர்ந்து எழுதினார். 1943-ல் வந்த அந்தக் கட்டுரையிலிருந்துதான் இன்றைய செயற்கை நுண்ணறிவின் நியூரல் நெட்வொர்க் கிளைத்தது!

ஸால் கிரிப்கி பள்ளிப் பையனாக எழுதிய தேற்றம், 1959-ல் தர்க்கவியலின் தலைசிறந்த ஆய்விதழில் வந்தது. அப்போது அவருக்கு வயது 18!

கம்ப்யூட்டரே நிரூபிக்குது!

1956 ஜனவரி. 'லாஜிக் தியரிஸ்ட்' என்ற புரோகிராம் தயார். ஓட்டக் கம்ப்யூட்டர் இன்னும் கைக்கு வரவில்லை. ஹெர்பர்ட் சைமன் என்ன செய்தார்? மனைவி, மூன்று பிள்ளைகள், மாணவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டையைக் கொடுத்தார். "நீ இந்த வரி, நீ அந்த வரி." குடும்பமே கம்ப்யூட்டர் ஆனது!

பிறகு நிஜக் கம்ப்யூட்டரில் ஓடி, பிரின்சிப்பியாவின் ஓர் அத்தியாயத்தில் முதல் 52 தேற்றங்களில் 38-ஐ அது நிரூபித்தது. ஒன்றுக்கு ரஸ்ஸலைவிட அழகான நிரூபணம்! அந்த புரோகிராமையே ஆசிரியர் பட்டியலில் சேர்த்து அனுப்பிய கட்டுரையை ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிட்டது. ரஸ்ஸலோ சந்தோஷப்பட்டார்!

அடுத்து வந்தார் ஹாவ் வாங். அதே புத்தகத்தின் 200-க்கு மேற்பட்ட தேற்றங்களை அவர் புரோகிராம் நிரூபித்துத் தள்ளியது. கணக்குப் போட்ட நேரம் 3 நிமிடத்துக்கும் குறைவு!

பூலின் அல்ஜீப்ராவில் ராபின்ஸ் எழுப்பிய ஒரு கேள்வி 1933 முதல் மனிதர்களைத் திணறடித்தது. 1996-ல் ஒரு புரோகிராம் சுமார் 8 நாள் ஓடி முடித்தது. 63 வருஷத் தலைவலி!

எந்த மேப்புக்கும் நான்கே நிறம் போதுமா? 1852-ல் ஒரு மாணவர் இதை யாரிடம் கேட்டார் தெரியுமா? நம்ம டி மார்கனிடம்! விடை வர 1976 ஆனது. ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் கம்ப்யூட்டர் ஓடியது. "நம்பலாமா?" என்று சண்டை. 2005-ல் இன்னொரு லாஜிக் புரோகிராம் ஒவ்வொரு படியையும் சரிபார்த்த பிறகுதான் வாய் மூடினார்கள்!

1994. இன்டெல் பென்டியம் சிப்பில் வகுத்தல் தப்பாக வந்தது. காரணம், 1,066 எண்கள் இருக்க வேண்டிய அட்டவணையில் 5 விடுபட்டுப் போனது. நஷ்டம்? 47.5 கோடி டாலர்! அதற்கப்புறம் சிப்பைச் சோதித்துப் பார்த்தால் மட்டும் போதாது, லாஜிக்கால் நிரூபிக்கவும் வேண்டும் என்று முடிவானது!

பாரிஸ் மெட்ரோவின் 14-ஆம் லைனில் டிரைவரே இல்லை. 1998-லிருந்து ஓடுகிறது. அதன் பாதுகாப்பு மென்பொருள் பிழையற்றது என்று முன்கூட்டியே நிரூபித்துவிட்டுத்தான் ரயிலை விட்டார்கள். நிரூபித்த கூற்றுகள் 27,000-க்கு மேல்!

சின்ன இயங்குதளம் ஒன்று. வெறும் 8,700 வரி. பிழை இல்லை என்று 2009-ல் நிரூபித்தார்கள். நிரூபணம் எத்தனை வரி? சுமார் 2 லட்சம்!

சுடோகு போடுகிறீர்களா? நீங்கள் 729 'ஆமாம்-இல்லை' கேள்விகளுக்குப் பதில் சொல்கிறீர்கள்! நிரம்பிய கட்டங்கள் மொத்தம் எத்தனை வகை? 6,670,903,752,021,072,936,960!

கடவுள் இருக்கிறார் என்று குறிகளாலேயே ஒரு நிரூபணம் எழுதி வைத்திருந்தார் கோடெல்! அதன் ஒரு வடிவத்தை 2013-ல் ஒரு கம்ப்யூட்டர் சரிபார்த்து "வாதம் சரி" என்றது. ஆனால் அதே குழு பிறகு கோடெல் கைப்பட எழுதிய மூலத்தை உள்ளே போட்டது. கம்ப்யூட்டர் என்ன சொன்னது? முரண்பாடு! 40 வருஷமாக எந்த மனிதரும் கவனிக்காத ஓட்டை!

கடைசியாக ஒரு பூதம். 3, 4, 5 தெரியுமல்லவா, பிதாகரஸ் மூன்று? 1 முதல் எல்லா எண்களுக்கும் சிவப்போ நீலமோ அடியுங்கள். எந்த பிதாகரஸ் மூன்றும் ஒரே நிறத்தில் வரக் கூடாது. 7,824 வரைக்கும் முடிகிறது. 7,825-ஐத் தொட்டால் முடியவே முடியாது! 2016-ல் மூன்று பேர், 800 பிராசசர்களை இரண்டு நாள் ஓட்டி நிரூபித்தார்கள். நிரூபணத்தின் அளவு 200 டெராபைட்! உலகத்தின் மிகப் பெரிய நிரூபணம் என்று அன்று பேசப்பட்டது. இந்தக் கேள்விக்கு ரொனால்ட் கிரஹாம் என்ற கணிதர் 1980-களிலேயே பரிசு அறிவித்திருந்தார். சொன்ன சொல் தவறாமல் செக்கும் கொடுத்தார். எவ்வளவு தெரியுமா? 100 டாலர்!